வயது ஏறும்போது விலங்குத் திசுக்களில் டி.என்.ஏ. மெத்திலேற்றம் எவ்வாறு மாறுகிறது: ஆய்வு செய்வோருக்கான முழுமையான வழிகாட்டி

மூன்று மாத வயதுடைய ஒரு சுண்டெலியின் கல்லீரலையும், அதே மரபு வழியில் பிறந்த இருபத்து நான்கு மாத வயதுடைய இன்னொன்றின் கல்லீரலையும் ஒப்பிட்டால், டி.என்.ஏ.வின் எழுத்து வரிசை ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். ஆனால் அந்த எழுத்துகளின்மேல் ஒட்டியிருக்கும் மெத்தில் என்னும் சிறு வேதித் தொகுதிகளின் பரவல், அதாவது டி.என்.ஏ. மெத்திலேற்றம், ஆயிரக்கணக்கான இடங்களில் மாறியிருக்கும். இந்த மாற்றத்தை அளப்பது இன்று கடினமன்று. அளந்த எண் எதைக் குறிக்கிறது என்று சொல்வதுதான் கடினம். செல்லுக்குள்ளேயே இந்த மெத்தில் அடையாளம் மாறியிருக்கலாம். செல்கள் மாறாமல், திசுவில் கலந்திருக்கும் செல் வகைகளின் விகிதம் மட்டும் மாறியிருக்கலாம். அல்லது இரண்டுமின்றி, அளக்கும் முறையே அந்த வேறுபாட்டைத் தோற்றுவித்திருக்கலாம். இம்மூன்றையும் பிரித்தறிவதையே இந்த வழிகாட்டி தன் முதன்மை நோக்கமாகக் கொள்கிறது. உயிரியலில் முதுகலை அளவிலான அடிப்படை அறிவுடையவர்கள், ஓர் ஆய்வைத் தாமே திட்டமிடும்போதும், பிறருடைய ஆய்வுக் கட்டுரையை மதிப்பிடும்போதும் பின்பற்றத்தக்க வரிசையில் இது அமைந்துள்ளது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் சுண்டெலியிலிருந்து வருகின்றன. முதுமை ஆய்வில் மிக நன்றாக அறியப்பட்ட விலங்குகளுள் அது ஒன்று.

படி 1: அடையாளத்தையும் அதை எழுதும் நொதிகளையும் அறிதல்

முதுகெலும்புள்ள விலங்குகளில் மெத்தில் தொகுதி சைட்டோசினின் 5ஆம் கார்பன் அணுவில், பெரும்பாலும் அந்தச் சைட்டோசினை அடுத்துக் குவானின் வரும் இடங்களில் ஒட்டுகிறது. இவ்விடங்களைச் சிபிஜி இடங்கள் என்கிறோம். மனித மரபணுத்தொகையில் இவை ஏறத்தாழ 2.8 கோடி, சுண்டெலியில் 2 கோடிக்குச் சற்று மேல். உடற்செல்களில் இவற்றுள் 70 முதல் 80 விழுக்காடு வரை மெத்திலேற்றம் பெற்றிருக்கும். விதிவிலக்காக, மரபணுக்களின் தொடக்கப் பகுதிகளில் சிபிஜி இடங்கள் நெருங்கிக் கிடக்கும் திட்டுகள் உண்டு; சிபிஜி தீவுகள் எனப்படும் இவை பெரும்பாலும் மெத்தில் இல்லாமலே இருக்கின்றன. மூப்பின் மாற்றங்களைப் படிக்கும்போது இந்த இரு வேறு தொடக்க நிலைகளையும் மறக்கக் கூடாது. ஏற்கனவே நிறைந்திருக்கும் இடம் குறையத்தான் முடியும். வெறுமையாக இருக்கும் இடம் கூடத்தான் முடியும்.

செல் பிரியும்போது பழைய இழையிலுள்ள அடையாளத்தைப் புதிய இழைக்குப் படியெடுக்கும் பணியை டிஎன்எம்டி1 நொதி செய்கிறது. அதை உரிய இடத்திற்கு அழைத்துச் செல்வது யுஎச்ஆர்எஃப்1 என்னும் புரதம். புதிய இடங்களில் அடையாளம் இடுபவை டிஎன்எம்டி3ஏ, டிஎன்எம்டி3பி ஆகியவை. டெட் நொதிகள் மூன்றும் மெத்தில் தொகுதியை ஆக்சிஜனேற்றம் செய்து, முதலில் ஹைட்ராக்சிமெத்தில் வடிவத்திற்கும் பின்னர் நீக்கத்திற்கும் வழி செய்கின்றன. மெத்தில் தொகுதியை வழங்குவது எஸ்-அடினோசைல் மெத்தியோனின் என்பதால், உணவிலுள்ள ஃபோலேட், மெத்தியோனின் அளவுகளும் இந்த இயக்கத்தோடு தொடர்புடையவை. படியெடுத்தலில் நேரும் தவறுகள், புதிதாக இடுதல், நீக்குதல் ஆகிய மூன்றின் நிகர விளைவே வாழ்நாள் முழுவதும் நாம் காணும் மாற்றம்.

ஆய்வுக்கான விலங்கைத் தேர்வதற்கு முன் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். முதுமை ஆய்வில் பெரிதும் பயன்படும் பழ ஈயிலும் சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்னும் உருளைப்புழுவிலும் இவ்வகைச் சைட்டோசின் மெத்திலேற்றம் நடைமுறையில் இல்லை. ஆகவே அவற்றின் குறுகிய வாழ்நாள் தரும் வசதியை இத்துறையில் நாம் பயன்படுத்திக்கொள்ள முடியாது.

படி 2: இதுவரை உறுதியாகத் தெரிந்தவற்றைத் தொகுத்துக்கொள்ளுதல்

இத்துறையின் முதல் அவதானிப்பு ஒரு மீனிலிருந்து வந்தது. 1967இல் சோவியத் ஒன்றியத்தில் பெர்டிஷெவ், வன்யூஷின் முதலானோர், கூனல் சால்மன் மீன்கள் முட்டையிடும் பருவத்தில் வேகமாக மூப்படைந்து மடியும்போது அவற்றின் உடல் திசுக்களில் மெத்தில்சைட்டோசினின் மொத்த அளவு குறைவதைக் கண்டனர். தொடர்ந்து 1973இல் வன்யூஷினின் குழு எலிகளின் திசுக்களிலும் வயதைச் சார்ந்த மாற்றங்களை அறிவித்தது. மெத்திலேற்றம் செல்லின் நினைவைத் தாங்கும் அடையாளமாக இருக்கலாம் என்று ராபின் ஹாலிடே, ஜான் பியூ ஆகியோரும், தனியே ஆர்தர் ரிக்ஸும் முன்மொழிந்தது 1975இல்தான். அதாவது, அந்த அடையாளத்தின் பணி இன்னதென்று தெளிவாகும் முன்பே அது முதுமையில் குறைகிறது என்ற செய்தி வெளியாகிவிட்டது.

1987இல் வில்சன் குழுவினர் செய்த ஒப்பீடு இன்றும் படிக்கத்தக்கது. வீட்டுச் சுண்டெலி குறுகிய ஆயுளுடையது. வெண்பாத எலி ஏறத்தாழ அதே உடலளவு கொண்டிருந்தும் அதனினும் நெடிதாக வாழ்வது. இவ்விரண்டிலும் மெத்தில்சைட்டோசின் வயதோடு குறைந்தது. ஆனால் குறுகிய ஆயுளுடைய சுண்டெலியில் அந்த இழப்பு வேகமாக நடந்தது. மாற்றத்தின் வேகம் இனத்தின் ஆயுளோடு இணைந்திருக்கிறது என்ற இன்றைய கருத்தின் வேர் இங்கே இருக்கிறது.

மொத்த இழப்பு என்பது கதையின் ஒரு பாதிதான். சில குறிப்பிட்ட இடங்களில் மெத்திலேற்றம் கூடுகிறது. 1994இல் இசா குழுவினர் மனிதப் பெருங்குடல் திசுவில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி மரபணுவின் தீவு வயதோடு மெத்திலேற்றம் பெறுவதைக் காட்டினர். 2010இல் இரண்டு குழுக்கள், இவ்வாறு கூடும் இடங்கள் தற்செயலாகச் சிதறிக் கிடக்கவில்லை என்றும், கருவளர்ச்சியை ஆளும் மரபணுக்களை அடக்கி வைக்கும் பாலிகோம்ப் புரதத் தொகுதியின் இலக்குகளில் அவை குவிகின்றன என்றும் நிறுவின. 2012இல் வெளியான மற்றோர் ஆய்வு, பிறந்த குழந்தையின் டி செல்களில் 80 விழுக்காட்டை ஒட்டியிருந்த மொத்த மெத்திலேற்றம், 103 வயது முதியவரின் அதே வகைச் செல்களில் 73 விழுக்காடாக இருந்ததைக் காட்டியது.

ஆகவே மூன்று போக்குகளை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்: பரந்த நிலப்பரப்புகளில் மெல்லிய இழப்பு, பாலிகோம்ப் இலக்குகளில் குறிப்பிட்ட ஏற்றம், இவ்விரண்டோடும், ஒரே வயதுடைய விலங்குகளுக்கிடையே வயது ஏற ஏற விரியும் சிதறல். மூன்றாவதைப் பலர் பிழையென்று ஒதுக்கிவிடுகிறார்கள். என் கருத்தில் அது மூப்பின் ஓர் அடிப்படைப் பண்பு. சராசரியை மட்டும் பார்ப்பவர் அதை முழுவதும் தவறவிடுவார்.

படி 3: கேள்வியைக் கூர்மையாக்கி, விலங்கையும் வயதையும் தேர்தல்

“முதுமையில் என்ன மாறுகிறது” என்பது ஆய்வுக் கேள்வியாகாது. “முதிர்ந்த பெண் சுண்டெலியின் கல்லீரலில், 4 மாதத்திற்கும் 24 மாதத்திற்கும் இடையே, எந்தச் சிபிஜி இடங்கள் சீராக மாறுகின்றன” என்பது கேள்வி. இந்தக் கூர்மை இல்லாமல் தொடங்கும் ஆய்வுகளில் மிகப் பரவலாகக் காணப்படும் குறை, இளம் குழுவாக 6 அல்லது 8 வார எலிகளைக் கொள்வதாகும். அவை இனப்பெருக்கத் திறன் பெற்றிருந்தாலும் வளர்ச்சியை முடித்தவை அல்ல. வளர்ச்சிப் பருவத்தில் மெத்திலேற்றம் மிக வேகமாகவும், முதிர்ந்தபின் மெதுவாகவும் மாறுகிறது. ஆகவே 6 வாரத்தையும் 24 மாதத்தையும் ஒப்பிடுபவர் வளர்ச்சியின் முடிவையும் மூப்பின் போக்கையும் ஒரே எண்ணில் கலந்துவிடுகிறார்.

இந்த வளைவின் வடிவத்தை நாய்களில் தெளிவாகக் காணலாம். 104 லாப்ரடார் நாய்களின் மெத்திலேற்றத்தை மனிதருடையதோடு ஒப்பிட்ட 2020ஆம் ஆண்டு ஆய்வு, நாயின் வயதின் இயல் மடக்கையை 16ஆல் பெருக்கி 31ஐக் கூட்டினால் அதற்கு இணையான மனித வயது கிடைக்கும் என்று முன்மொழிந்தது. இதன்படி 2 வயது நாய் 42 வயது மனிதருக்கு இணை. 10 வயது நாயோ ஏறத்தாழ 68க்குத்தான் இணை. முதல் இரண்டாண்டுகளில் பாய்ந்து செல்லும் மாற்றம், அடுத்த எட்டாண்டுகளில் அதைவிட மிகக் குறைவாகவே நகர்கிறது. ஒரே இனவகை நாய்களைக் கொண்டு வருவித்த சூத்திரம் என்பதால் எல்லா நாய்களுக்கும் அதை அப்படியே பொருத்துவது தவறு; ஆனால் வளைவின் வடிவம் பாலூட்டிகளுக்குப் பொதுவானது.

சி57பிஎல்/6 என்னும் ஆய்வக மரபு வழிச் சுண்டெலிகளில் 3 முதல் 6 மாதம் வரை முதிர்ந்த இளமை, 10 முதல் 14 வரை நடுவயது, 18 முதல் 24 வரை முதுமை என்று கொள்வது வழக்கம். இரண்டு வயதுப் புள்ளிகள் மட்டும் போதா. நான்கு அல்லது ஐந்து புள்ளிகள் இருந்தால்தான் மாற்றம் நேர்கோட்டில் செல்கிறதா, ஒரு கட்டத்தில் திரும்புகிறதா என்பது தெரியும். 30 மாதத்தைத் தாண்டிய எலிகளைச் சேர்ப்பவர், அவை தம் தலைமுறையில் பாதிக்கு மேற்பட்டவை இறந்தபின் எஞ்சியவை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். எஞ்சியவற்றின் மெத்திலேற்றம் இறந்தவற்றினுடையதைப் போன்றது என்று கொள்ள எந்த ஆதாரமும் இல்லை.

எலியின் துணை மரபு வழியையும் குறித்துக்கொள்ளுங்கள். சி57பிஎல்/6இன் துணை வழிகளான 6ஜே, 6என் ஆகிய இரண்டும் ஒரே பெயரில் வழங்கினாலும் அவற்றிடையே மரபணு வேறுபாடுகள் உள்ளன. 6ஜே வழியில் என்என்டி மரபணுவின் ஒரு பகுதியே இல்லை. இளம் எலிகளை ஓரிடத்திலும் முதிய எலிகளை வேறோரிடத்திலும் வாங்கினால், வயதும் மரபு வழியும் பிரிக்க முடியாதபடி பின்னிக்கொள்ளும். இரு பாலினங்களையும் சேர்ப்பதே சிறந்தது. பாலின ஹார்மோன்கள் இந்த அடையாளங்களை நேரடியாகத் தொடுகின்றன. செம்மறி ஆடுகளில் 2021இல் நடந்த ஆய்வில், விதைநீக்கம் செய்யப்பட்ட ஆண்களின் மெத்திலேற்ற மூப்பு, விதைநீக்கம் செய்யப்படாத ஆண்களினுடையதைவிட மெதுவாகச் சென்றது.

படி 4: திசுவைத் தேர்ந்து, எடுத்து, பாதுகாத்தல்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. ஒரே விலங்கின் திசுக்கள் வெவ்வேறு வேகத்தில் மாறுகின்றன. மனிதரில் சிறுமூளை பிற மூளைப் பகுதிகளைவிட இளமையாகவும், பெண்களின் மார்பகத் திசு இரத்தத்தைவிட முதுமையாகவும் கணிக்கப்படுகின்றன. இரத்தத்தில் கண்டதை இதயத்துக்கும் உரியதென எழுதுவது, அளவிடாத ஒன்றை அளந்ததாகச் சொல்வதே ஆகும்.

திசு ஒவ்வொன்றும் தனிக் கவனம் கேட்கிறது. இரத்தம் எளிதில் கிடைக்கும், ஒரே விலங்கிலிருந்து மீண்டும் மீண்டும் எடுக்கலாம். ஆனால் அதன் செல் கலவை வயதோடு பெரிதும் மாறுகிறது. கல்லீரல் ஓரளவு ஒருமித்தது. எனினும் முதிய கல்லீரலில் நோயெதிர்ப்புச் செல்கள் ஊடுருவுகின்றன. பெருமூளைப் புறணியில் நியூரான்கள் பிரிவதில்லை என்பதால், அங்கே காணும் மாற்றத்தைப் படியெடுத்தல் தவறு என்று மட்டும் விளக்க முடியாது. அதனாலேயே செல் பிரிதலைச் சாராத மூப்பைப் படிக்க அது மிகவும் உதவுகிறது. குடலின் உட்படலமோ சில நாட்களுக்கொரு முறை புதுப்பிக்கப்படுவது; அங்கே நாம் உண்மையில் படிப்பது குருத்தணுக்களின் வரலாற்றை.

எல்லா விலங்குகளையும் நாளின் ஒரே வேளையில், ஒரே உணவு நிலையில் எடுக்க வேண்டும். இளையவற்றை ஒரு நாளும் முதியவற்றை மறுநாளும் என்று பிரிக்காமல், ஒவ்வொரு நாளும் எல்லா வயதிலிருந்தும் சில விலங்குகளை எடுங்கள். கல்லீரலில் எப்போதும் ஒரே மடலிலிருந்து துண்டு எடுங்கள். உடற்கூறு ஆய்வைத் தவிர்க்கவே கூடாது: முதிய சி57பிஎல்/6 எலிகளில் லிம்போமா மிகவும் பரவலானது, வீங்கிய மண்ணீரலையோ நிணநீர்க் கணுக்களையோ கவனிக்காமல் அந்த விலங்கைச் சேர்த்துவிட்டால், புற்றுச் செல்களின் மெத்திலேற்றம் “முதுமை” என்ற பெயரில் அட்டவணையில் ஏறும். ஒவ்வொரு துண்டிலும் ஒரு பகுதியை நுண்ணோக்கிப் பரிசோதனைக்கு ஃபார்மலினிலும், எஞ்சியதைத் திரவ நைட்ரஜனில் உறைய வைத்து மைனஸ் 80 பாகையிலும் வையுங்கள். அந்தச் சிறு பகுதி 8ஆம் படியில் மிகவும் தேவைப்படும்.

படி 5: அளக்கும் முறையைத் தேர்தல்

1992இல் ஃப்ரோமர் குழுவினர் அறிமுகப்படுத்திய பைசல்ஃபைட் வரிசை வாசிப்பே இன்றும் அடித்தளம். பைசல்ஃபைட் உப்பு, மெத்தில் இல்லாத சைட்டோசினை யுராசிலாக மாற்றுகிறது. மெத்தில் உள்ளது தப்பிக்கிறது. பெருக்கியபின் முன்னது தைமினாகவும் பின்னது சைட்டோசினாகவும் படிக்கப்படும். இதன் இரு குறைகளைத் தெரிந்தே பயன்படுத்த வேண்டும்: டி.என்.ஏ. பெரிதும் துண்டாகிறது, மெத்தில்சைட்டோசினும் ஹைட்ராக்சிமெத்தில்சைட்டோசினும் ஒன்றாகவே தெரிகின்றன. இரண்டாவது குறை மூளையில் பெரிய சிக்கல். அங்கே ஹைட்ராக்சிமெத்தில் வடிவம் மிகுதி. சுண்டெலியின் மூளையில் அது வளர்ச்சியின்போதும் அதன் பின்னரும் கூடுகிறது. மூளையைப் படிப்பவர்கள் ஆக்சிஜனேற்ற பைசல்ஃபைட் முறையையும் இணையாகச் செய்து இரண்டையும் பிரிக்க வேண்டும். நொதிகளால் மாற்றம் செய்யும் புதிய முறை டி.என்.ஏ.வைக் குறைவாகவே சிதைக்கிறது. நானோதுளை வாசிப்பில் வேதி மாற்றமே தேவையில்லை.

எத்தனை இடங்களைப் படிப்பது என்பது அடுத்த முடிவு. முழு மரபணுத்தொகை வாசிப்பு எல்லாவற்றையும் தரும். செலவு மிகுதி என்பதால் விலங்குகளின் எண்ணிக்கை குறையும். குறுக்கப்பட்ட பைசல்ஃபைட் வாசிப்பில், எம்எஸ்பி1 நொதி சிசிஜிஜி என்ற வரிசையில் வெட்டி, சிபிஜி செறிந்த சிறு துண்டுகளை மட்டும் தருகிறது. தீவுகளையும் மரபணுத் தொடக்கங்களையும் நன்றாகக் காட்டும், ஆனால் தீவுகளுக்கு வெளியே சிபிஜி இடங்கள் அரிதாகக் கிடக்கும், இழப்பு மிகுதியாக நிகழும் வெட்ட வெளிகளைப் பெரும்பாலும் காட்டாது. ஏற்றத்தை மட்டும் கண்டு “இந்தத் திசுவில் இழப்பு இல்லை” என்று எழுதிவிட வேண்டாம். அங்கே நீங்கள் பார்க்கவே இல்லை. பாலூட்டிகளுக்குப் பொதுவான ஏறத்தாழ 36,000 இடங்களை அளக்கும் சில்லு பல இனங்களை ஒப்பிட ஏற்றது.

என் பரிந்துரை இதுதான்: நிதி குறைவாக இருந்தால் இடங்களின் எண்ணிக்கையை விட்டுக்கொடுங்கள், விலங்குகளின் எண்ணிக்கையை விட்டுக்கொடுக்காதீர்கள். வயதோடு சிதறலும் விரிகிறது என்பதால், குழுவுக்கு மூன்று விலங்குகள் என்பது முதிய குழுவைப் பற்றி ஏறத்தாழ ஒன்றும் சொல்லாது.

வாசிப்பின் ஆழத்தை ஒரு சிறு கணக்கால் தீர்மானிக்கலாம். உண்மையில் 50 விழுக்காடு மெத்திலேற்றமுள்ள ஓரிடத்தை 10 முறை மட்டும் படித்தால், அந்த மதிப்பீட்டின் திட்டப் பிழை ஏறத்தாழ 16 விழுக்காட்டுப் புள்ளிகள். 30 முறைக்கு 9. 100 முறைக்கு 5. ஓர் இடத்தில் வயது தரும் மாற்றம் பல சமயம் சில புள்ளிகளே. ஆகவே ஆழம் குறைந்த தரவில் தனி இடங்களை நம்பாமல், அண்டை இடங்களைச் சேர்த்து வட்டாரங்களாகப் படிக்க வேண்டும்.

படி 6: ஆய்வகப் பணியும் தரவைச் சுத்தம் செய்தலும்

லாம்டா ஃபேஜ் என்னும் பாக்டீரியா வைரசின் மெத்தில் இல்லாத டி.என்.ஏ.வை ஒவ்வொரு மாதிரியிலும் சிறு அளவு கலந்துவிடுங்கள். அதன் சைட்டோசின்களில் 99 விழுக்காட்டிற்கு மேல் மாறியிருக்க வேண்டும். குறைந்தால், மாறாமல் எஞ்சியவை எல்லாம் பொய்யாக மெத்திலேற்றம் என்று பதிவாகும். வயதுக் குழுக்களை, மாதிரிகளை ஒன்றாகச் செயலாக்கும் ஒரே ஆய்வகத் தட்டில், கலைத்த வரிசையில் வையுங்கள். இளையவை ஒரு தட்டிலும் முதியவை மறு தட்டிலும் இருந்தால் பின்னர் எந்தப் புள்ளியியலும் அதைத் திருத்தாது.

வாசிப்புகளை மரபணுத்தொகையோடு பொருத்த பிஸ்மார்க் போன்ற கணினி மென்பொருள்கள் உள்ளன. குறுக்கப்பட்ட முறையில் இரண்டு தனிக் கவனங்கள் தேவை. முதலாவது, எம்எஸ்பி1 வெட்டிய முனைகளைச் சரிசெய்யும்போது ஆய்வகத்தில் சேர்க்கப்படும் சைட்டோசின்கள் விலங்கினுடையவை அல்ல. அவற்றைக் கத்தரிக்க வேண்டும். இரண்டாவது, முழு மரபணுத்தொகை வாசிப்பில் ஒரே இடத்தில் தொடங்கி ஒரே இடத்தில் முடியும் வாசிப்புகளை நகல்கள் என்று நீக்குவது சரி. இங்கே எல்லாத் துண்டுகளும் நொதி வெட்டிய அதே இடத்தில்தான் தொடங்குகின்றன என்பதால், அவ்வாறு நீக்கினால் நல்ல தரவின் பெரும்பகுதி போய்விடும். மேலும், ஒரு விலங்கில் சைட்டோசின் பிறப்பிலேயே தைமினாக இருந்தால் அது மெத்தில் இல்லாத இடம் போலத் தோன்றும்; கலப்பு மரபுடைய விலங்குகளில் அத்தகைய இடங்களை விலக்குவது கட்டாயம்.

படி 7: வயதோடு மாறும் இடங்களைக் கண்டறிதல்

ஒவ்வோர் இடத்திலும் மெத்தில் உள்ள வாசிப்புகளின் எண்ணிக்கையும் மொத்த எண்ணிக்கையும் கிடைக்கும். இவற்றை வெறும் விழுக்காடாகச் சுருக்கினால், 10இல் 5 என்பதும் 100இல் 50 என்பதும் ஒன்றாகிவிடும். பீட்டா-ஈருறுப்புப் பரவலைப் பயன்படுத்தும் தொடர்புப் போக்கு (ஒரு மாறி மற்றவற்றோடு எப்படி மாறுகிறது என்று கணிக்கும் புள்ளியியல் முறை), வாசிப்பின் ஆழத்தையும் விலங்குகளுக்கிடையிலான சிதறலையும் ஒருங்கே கணக்கில் கொள்கிறது. வயதைத் தொடர் மாறியாக வைத்து, பாலினம், தட்டு ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். பத்து லட்சம் இடங்களைச் சோதித்தால், 0.05 என்ற வரம்பில் தற்செயலாக மட்டும் 50,000 இடங்கள் தேறிவிடும். பெஞ்சமினி, ஹாக்பெர்க் ஆகியோரின் 1995ஆம் ஆண்டு முறையால் தவறான கண்டுபிடிப்பு வீதத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். சராசரிக்கான சோதனையோடு, சிதறல் கூடுகிறதா என்பதற்கும் தனிச் சோதனை நடத்துங்கள்.

படி 8: செல் கலவையைப் பிரித்தறிதல்

இந்த வழிகாட்டியின் மையம் இதுவே. ஓரிடம் கல்லீரல் செல்லில் 90 விழுக்காடும், லிம்போசைட்டில் 10 விழுக்காடும் மெத்திலேற்றம் பெற்றிருக்கிறது என்று கொள்வோம். முதிய கல்லீரலில் லிம்போசைட்டுகள் மொத்தச் செல்களில் 5 விழுக்காட்டுப் புள்ளிகள் கூடி, அதே அளவு கல்லீரல் செல்களின் பங்கு குறைந்தால், எந்தச் செல்லிலும் ஓர் அடையாளம்கூட மாறாமலே அவ்விடத்தின் அளவு 4 புள்ளிகள் சரியும். வயது தரும் உண்மையான மாற்றத்தின் அளவும் இதே அளவினதுதான். இரண்டையும் எண்ணை மட்டும் பார்த்துப் பிரிக்கவே முடியாது.

இரத்தத்தில் நிலைமை இதனினும் கடுமையானது. இளம் சுண்டெலியின் வெள்ளையணுக்களில் லிம்போசைட்டுகளே பெரும்பான்மை; வயதோடு நியூட்ரோஃபில் போன்ற மைலாய்டு வகைச் செல்களின் பங்கு கூடுகிறது. டி செல்களுக்குள்ளேயும், எதிரியைச் சந்திக்காத புதிய செல்கள் குறைந்து நினைவுச் செல்கள் பெருகுகின்றன. இவ்விரு வகைகளின் மெத்திலேற்றமும் வேறு வேறு. அதற்கும் மேலாக, முதியவர்களின் எலும்பு மஜ்ஜையில் ஒரே குருத்தணுவின் வழித்தோன்றல்கள் பெருகி இரத்தத்தின் குறிப்பிடத்தக்க பங்கை நிரப்புவதுண்டு; மனிதரில் இதற்குப் பெரும்பாலும் காரணமாகும் பிறழ்வுகள் டிஎன்எம்டி3ஏ, டெட்2 ஆகிய, மெத்திலேற்றத்தை ஆளும் மரபணுக்களிலேயே நிகழ்கின்றன. அந்நிலையில் அளப்பது செல்லின் முதுமையையா, ஓர் ஒற்றை வழித்தோன்றலின் தனித்தன்மையையா என்ற ஐயம் எழுந்தே தீரும்.

இதற்கு மூன்று வழிகள் உள்ளன. முதலாவது கணக்கீட்டு வழி: தூய செல் வகைகளின் மெத்திலேற்ற அட்டவணையைக் கொண்டு, 2012இல் ஹவுஸ்மன் குழுவினர் காட்டிய முறையில், ஒவ்வொரு மாதிரியிலும் செல் வகைகளின் விகிதத்தை மதிப்பிட்டு அவற்றை 7ஆம் படியின் கணக்கில் சேர்ப்பது. இது மலிவானது, ஆனால் அந்த அட்டவணை இளம் விலங்குகளிலிருந்து மட்டும் தயாரிக்கப்பட்டிருந்தால் முதிய செல்களை அது தவறாக அடையாளம் காணக்கூடும். இரண்டாவது, 4ஆம் படியில் ஃபார்மலினில் வைத்த துண்டில் செல் வகைகளை நேரடியாக எண்ணி, கணக்கீட்டோடு ஒப்பிடுவது. மூன்றாவதும் உறுதியானதுமான வழி, செல்களையோ உட்கருக்களையோ பிரித்தெடுத்துத் தனியே அளப்பது. மூளையில் நியூரான்களின் உட்கருக்களை நியூஎன் என்ற குறியீட்டுப் புரதத்தைக் கொண்டு பிரிப்பது நன்கு நிலைபெற்ற முறை. எல்லா விலங்குகளுக்கும் செய்ய இயலாவிட்டாலும், முக்கியமான இடங்களுக்கேனும் சில விலங்குகளில் இதைச் செய்துவிடுங்கள். செல் விகிதத்தைக் கணக்கில் சேர்த்ததும் ஒரு முடிவு மறைந்துபோனால் அது தோல்வியன்று: திசுவின் கலவை மாறுவதும் முதுமையின் உண்மையான பகுதியே. அதை அந்தப் பெயரிலேயே அறிவிக்க வேண்டும், அவ்வளவே.

படி 9: எஞ்சிய மாற்றங்களைப் படித்தல்

எஞ்சிய இடங்களை முதலில் அவை இருக்கும் நிலப்பரப்பின்படி பிரியுங்கள். பாலிகோம்ப் இலக்குகளில் ஏற்றம் தென்பட்டால் அது எதிர்பார்த்ததே. ஆயினும் “இந்த மரபணு முதுமையில் அணைந்துவிடுகிறது” என்று எழுதும் முன் அதன் ஆர்.என்.ஏ. அளவைப் பாருங்கள், அத்தகைய மரபணுக்களிற் பல அந்தத் திசுவில் இளமையிலேயே இயங்காதவை. இயங்காத ஒன்றின்மேல் கூடுதல் அடையாளம் ஏறுவதால் வெளிப்பாடு மாறாது. உட்கருவின் ஓரத்தை ஒட்டிய, செல் பிரிதலுக்கு முன் டி.என்.ஏ. தாமதமாக இரட்டிக்கும் பரந்த பகுதிகளில் இழப்பு தென்பட்டால், செல் பிரிதலின் எண்ணிக்கை அதற்கு ஒரு காரணமாகலாம். அடிக்கடி பிரியும் திசுவையும் பிரியாத திசுவையும் ஒப்பிட்டு இதைச் சோதிக்கலாம். இடத்திற்கு இடம் மாற்றம் சிறிதாகவும், 0 அல்லது 100இலிருந்து 50ஐ நோக்கியும் இருந்தால், அது ஒழுங்கு தளர்வதன் அடையாளமாகவே பெரும்பாலும் இருக்கும்.

படி 10: மூப்புக் கடிகாரம் அமைத்தல்

2013இல் ஸ்டீவ் ஹோர்வாத், ஏறத்தாழ 8,000 மனித மாதிரிகளையும் 51 திசு, செல் வகைகளையும் கொண்டு, 353 இடங்களின் மெத்திலேற்றத்திலிருந்து வயதைக் கணிக்கும் கடிகாரத்தை வெளியிட்டார். அதே ஆண்டில் ஹேனம் குழுவினர் இரத்தத்திற்கு 71 இடங்களைக் கொண்ட ஒன்றை அமைத்தனர். சுண்டெலிக்கு 2017இல் பல கடிகாரங்கள் வந்தன; அவற்றுள் ஒன்று பல திசுக்களுக்கு 329 இடங்களையும், மற்றொன்று இரத்தத்திற்கு 90 இடங்களையும் பயன்படுத்துகின்றன. 2023இல் 185 பாலூட்டி இனங்களின் 59 திசு வகைகளிலிருந்து ஒரு பொதுக் கடிகாரம் அமைக்கப்பட்டது. கணித்த வயதுக்கும் உண்மை வயதுக்கும் இடையிலான ஒட்டுறவு 0.96ஐத் தாண்டியது.

அமைக்கும் முறை பெரும்பாலும் எலாஸ்டிக் நெட் என்னும் தொடர்புப் போக்கு. மாதிரிகளைப் பயிற்சிக்கும் சோதனைக்கும் எனப் பிரிக்கும்போது, ஒரே விலங்கின் எல்லாத் திசுக்களையும் ஒரே பக்கத்தில் வைக்க வேண்டும். கல்லீரல் பயிற்சியிலும் அதே எலியின் சிறுநீரகம் சோதனையிலும் இருந்தால் பிழை பொய்யாகக் குறையும். இடங்களைத் தேரும் பணியும் பயிற்சிப் பகுதிக்குள்ளேயே நடக்க வேண்டும். கடிகாரம் தேர்ந்த இடங்கள் முதுமைக்குக் காரணமானவை என்று எண்ணவும் கூடாது. ஒன்றோடொன்று ஒட்டுறவுள்ள பல இடங்களிலிருந்து ஒரு சிலவற்றை அம்முறை எடுத்துக்கொள்கிறது. வேறு விலங்குகளைக் கொண்டு பயிற்றுவித்தால் வேறு இடங்கள் வரும்.

கடிகாரத்தின் பயன் தலையீடுகளைச் சோதிப்பதில் உள்ளது. 2017ஆம் ஆண்டு ஆய்வொன்றில், உணவை 30 விழுக்காடு குறைத்து நெடுங்காலம் வளர்க்கப்பட்ட ரீசஸ் குரங்குகளின் இரத்தம், வயதுக்கு உரியதைவிட ஏறத்தாழ 7 ஆண்டு இளமையான மெத்திலேற்றத்தைக் காட்டியது. 2020இல், ஆக்ட்4, சாக்ஸ்2, கேஎல்எஃப்4 ஆகிய மூன்று மரபணுக்களைச் சுண்டெலியின் விழித்திரை நரம்புச் செல்களில் இயக்கியபோது இளமையான அடையாளப் பரவலும் பார்வைத் திறனும் ஓரளவு மீண்டன. டெட்1, டெட்2 இல்லாவிடில் அந்த மீட்சி நிகழவில்லை. அடையாளம் மூப்பின் நிழல் மட்டுமன்று என்பதற்கு எனக்குத் தெரிந்த வலுவான சான்றுகளுள் இது ஒன்று. எனினும் தலையீடு செல் கலவையை மாற்றினாலும் கடிகாரம் பின்னோக்கி நகரும். 8ஆம் படியை இங்கேயும் மீண்டும் செய்ய வேண்டும்.

படி 11: பிற இனங்களுக்குக் கொண்டு செல்லுதல்

காட்டு விலங்குகளின் வயதை அறிவது பாதுகாப்புப் பணிக்கு இன்றியமையாதது. ஆனால் பல இனங்களில் அதைக் கண்டறிய வேறு வழியில்லை. 2014இல் கூனல் முதுகுத் திமிங்கிலங்களின் தோல் துணுக்குகளிலிருந்து, மூன்றே மூன்று மரபணுக்களின் இடங்களைக் கொண்டு, ஏறத்தாழ 3 ஆண்டுத் துல்லியத்தில் வயது கணிக்கப்பட்டது. குட்டியாக இருந்த காலம் முதல் படங்களால் அடையாளம் காணப்பட்ட திமிங்கிலங்கள் இருந்ததால்தான் அது இயன்றது. 2021இல் 26 வௌவால் இனங்களின் இறக்கைத் தோலைப் படித்த ஆய்வு, நெடிதாக வாழும் இனங்களில் மெத்திலேற்ற மாற்றம் மெதுவாக நடப்பதைக் காட்டியது. வில்சன் 1987இல் இரண்டு எலியினங்களில் கண்டது இங்கே பல இனங்களில் உறுதிப்பட்டது.

புதிய இனத்தில் தொடங்குபவர், பிறந்த ஆண்டு ஐயமின்றித் தெரிந்த விலங்குகளை, முடிந்தவரை வாழ்நாள் முழுவதும் பரவிய வயதுகளில் முதலில் திரட்ட வேண்டும். அம்மாதிரிகளும், பின்னர் வயது கணிக்க வேண்டிய மாதிரிகளும் உடலின் ஒரே பகுதியிலிருந்து, ஒரே பாதுகாப்பு முறையில் வர வேண்டும். பயிற்சியில் இருந்த மிக முதிய விலங்கின் வயதைத் தாண்டிய கணிப்புகளை நம்பக் கூடாது. பொதுவாகக் கடிகாரங்கள் முதியவற்றை இளையவையாகவே காட்டும். ஒவ்வொரு கணிப்பையும் தனி எண்ணாக அன்றி அதன் பிழை எல்லையோடு வெளியிடுங்கள். மூலத் தரவைப் பொதுக் களஞ்சியத்தில் வைக்கும்போது, ஒவ்வொரு மாதிரிக்கும் வயது, பாலினம், மரபு வழி அல்லது பிடிக்கப்பட்ட இடம், திசுவின் பகுதி, எடுத்த வேளை, தட்டு எண், உடற்கூறு ஆய்வில் கண்டது ஆகியவற்றையும் சேர்த்துப் பதியுங்கள்; இவை இல்லாவிடில் அந்தத் தரவைக் கொண்டு செல் கலவையையோ தட்டு வேறுபாட்டையோ வேறு எவரும் மறுபடி சோதிக்க இயலாது.